அப்பாருக்குக் கண் நல்லாத்தான் தெரிந்தது

எங்கள் கட்டுத்தாரையில் ஒரு தோல்கன்னு இருந்தது. நான் இரண்டாவது படித்த வருஷம் அது. எருமை போட்ட கன்று மூன்றாம் நாள் பொழுதோடு செத்துப்போனது. அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, அதைப் புதைக்க விடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை வரச்சொல்லித் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தேய்த்துக் காயவைத்தார். உள்ளே வைக்கோல் திணித்துச் சாக்கு ஊசியால் தைத்து, நான்கு மூங்கில் குச்சிகளைக் காலாக வைத்து நிறுத்தினார்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதன் வழியாக வைக்கோல் எட்டிப் பார்த்தது.

அதற்கு முன்பான நாட்களில் ஆத்தா காம்பைத் தொட்டாலே எருமை காலைத் தூக்கி உதைத்தது. மடி கல் மாதிரி கட்டிக்கிடந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. தோல்கன்றைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் நிறுத்தி, முதுகில் உப்புத்தண்ணீரைத் தடவினார் ஆத்தா. எருமை மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் கன்றைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். ஆத்தா இரண்டு காம்பைப் பிடித்து இழுத்ததும் சொம்புக்குள் பால் பீய்ச்சிய சத்தம் கேட்டது.

"ஏனாத்தா, அது கன்னு இல்லீன்னு எருமைக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"மூக்குக்குத் தெரிஞ்சாப் போதும் அம்மிணி, மடி எறங்கீரும்" என்றார்.

அன்று நான் பால் குடிக்கவில்லை. எருமையை ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதேன். ஆத்தா சொன்னது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது. அது புரிந்ததும் கட்டுத்தாரையில் இல்லை, நாலுவழிச் சாலையின் ஓரத்தில்.

நான் ஈரோட்டில் கண் பரிசோதகராக வேலை செய்கிறேன். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் யாருக்காவது எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதுங்களா, இப்போ எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. அப்பாருக்கு அங்கே கொறங்காடு உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், உள்ளே போக ஒரு கடவு. காங்கேயம் மாடும் செம்மறி ஆடும் இந்த மண்ணில் நிலைத்ததற்கு இந்தக் காடுகள்தான் காரணம்.

முன்பு வீட்டுக்கும் கொறங்காட்டுக்கும் நடுவில் ஒரு ரோடு போகும். ஒரு பஸ் வந்தால் மாட்டு வண்டி மண்ணில் இறங்க வேண்டும், அவ்வளவு அகலம்தான். இரண்டு பக்கமும் புளியமரம். பிறகு மரங்களை வெட்டி நாலு வழியாக்கினார்கள். எங்கள் ஊருக்கு நேராக ஆடு மாடு கடக்க ஒரு பாலமோ சுரங்கமோ விடவில்லை. மனுக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாரு தினமும் இரண்டு தடவை அந்த ரோட்டைத் தாண்டினார், எழுபத்தெட்டு வயதில்.

ஒரு நாள் பொழுதோடு பட்டியில் ஆட்டை அடைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். தாராபுரம் பக்கமிருந்து ஒரு லோடு லாரி. அதற்கு முன்னால் ஒரு பைக். டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். அப்பாரு நின்றார், திரும்பிப் பார்த்தார், லாரியைப் பார்த்துக் கையைக் கூடக் காட்டினார், பிறகு இறங்கினார். பைக் அடித்தது. இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். பைக் ஓட்டிய பையனுக்குக் கையெல்லாம் சிராய்ப்பு. பாவம், அவனும் பிரேக் பிடித்துத்தான் இருக்கிறான்.

பார்க்க வந்த ஒறம்பரை எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "வயசாயிருச்சு, கண்ணு தெரியாமப் போய் உழுந்துட்டாரு." கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தவர், எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "நானு பாத்தேன் அம்மிணி. நல்லாப் பாத்தேன். பைக்கு தூரத்துலதான் வந்துச்சு." வலியைவிட அந்தப் பேச்சுதான் அவரை அரித்தது.

அடுத்த வாரம் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பக்கத்துச் சுவரில் பலகையை மாட்டி, கட்டிலோடு தூரத்தை அளந்து வைத்துச் சோதித்தேன். இரண்டு கண்ணிலும் ஏற்கெனவே புரை அறுவை செய்து லென்ஸ் வைத்திருந்தது. கண்ணாடியோடு இரண்டு கண்ணும் 6/9. அந்த வயதில் அது நல்ல பார்வை. பக்கவாட்டுப் பார்வையும் பார்த்தேன், குறையில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் பார்த்தது தப்பாகிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் மாட்டிய பலகை 1862இல் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்தது. அதில் எழுத்துகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ரோட்டில் எதுவும் அப்படி நிற்பதில்லை.

அன்றிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தது பார்வையைப் பற்றி மட்டும் இல்லை. உலகத்தைப் பற்றி நம் தலைக்குள் ஒரு படம் இருக்கிறதே, அந்த மனச்சித்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? அதை வரைந்தது பரிணாமம் என்றால், உண்மையாக வரைய வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்ததா?

தவளையிலிருந்து தொடங்குகிறேன். 1959இல் அமெரிக்காவில் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் என்ற நால்வர், தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு என்ன சொல்கிறது என்று கவனித்தார்கள். சின்னதாக, கறுப்பாக, அசைகிற ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்தால் சில நரம்பிழைகள் படபடவென்று துடித்தன. ஈ வந்தாலும் துடிக்கும், யாராவது ஒரு கறுப்பு வில்லையை ஆட்டினாலும் துடிக்கும். சுற்றிலும் செத்த ஈக்களைக் குவித்து வைத்தாலும் அவை அசையாத வரைக்கும் தவளை பட்டினிதான் கிடக்கும். உலகம் அறியாதவனைக் கிணற்றுத் தவளை என்று ஏசுகிறோம். ஆனால் கிணற்றுக்குள் அசைகிற சின்னக் கறுப்புப் பொருள் என்றால் அது பூச்சிதான். அங்கே தவளையின் கண் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த நரம்பு "ஈ" என்று சொல்கிறதா, "அசைகிற புள்ளி" என்கிறதா, "தீனி" என்கிறதா? தத்துவக்காரர்கள் இதை வைத்துப் பல வருஷம் வாதாடியிருக்கிறார்கள். அவர்களில் ரூத் மில்லிகன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. சேதியை அனுப்புகிற கண்ணைப் பார்க்காதே, வாங்கிப் பயன்படுத்துகிற நாக்கையும் வயிற்றையும் பார் என்கிறார். தவளையின் முன்னோர்கள் பிழைத்தது அங்கே தீனி இருந்ததால்தான். ஆகவே அந்தச் சேதியின் பொருள் தீனி. வில்லையைக் கவ்வினால் அது பிழை. அவர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு: ஒரு மனச்சித்திரம் பல தடவை பொய்த்தாலும் பாதகமில்லை, அது உண்மையான தடவைகளில் கிடைத்த லாபம் பொய்த்த தடவைகளின் நஷ்டத்தைத் தாங்கினால் போதும்.

ஆத்தா சொன்னதும் இதேதான். பால் சுரப்பு விடுவதற்கு ஆக்சிடோசின் என்ற சுரப்பு மூளையிலிருந்து ரத்தத்தில் கலந்து மடிக்கு வர வேண்டும். அது வந்தால்தான் உள்ளே இருக்கும் நுண்பைகள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளும். எருமைக்குக் காம்புக்கு மேலே பால் தேங்கும் இடம் ரொம்பச் சின்னது, ஏறக்குறைய எல்லாப் பாலும் மேலே நுண்பைகளில்தான் இருக்கும். அதனால் மனசு இசையாமல் எருமையிடம் கறக்க முடியாது. அந்த இசைவைத் திறக்கும் சாவி கன்றின் மணம். ஏன் மணம் மட்டும் போதும்? எருமை இனம் உருவான காலம் முழுக்க, மடியருகே நின்று தன் கன்றைப்போல மணத்தது தன் கன்றாகவே இருந்தது. தோலை உரித்து வைக்கோல் திணிக்கும் ஒரு மிருகம் குறுக்கே வரும் என்று எந்த எருமையின் மூக்கும் எதிர்பார்க்கவில்லை. மூக்கு தப்புச் செய்யவில்லை. மூக்கு வளர்ந்த இடம் கைவிட்டது.

நம்பகம் என்பது தலைக்குள் மட்டும் இருக்கும் பொருள் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். தலைக்கும் அது பழகிய இடத்துக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது. இடம் மாறினால் பேச்சு முறிந்துவிடும், தலை அப்படியே இருக்கும். 1983இல் குவின், ரெண்ட்ஸ் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்த்ததைப் பதிவு செய்தார்கள். ரோட்டோரம் வீசிய பழுப்பு நிறப் பீர் பாட்டில்களின் மேல் ஒரு வகை ஆண் வண்டுகள் ஏறிக்கொண்டு இணைசேர முயன்றன. அந்த வண்டினத்தில் பெண்ணின் முதுகு பழுப்பாக, பளபளப்பாக, சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும். பாட்டிலின் அடிப்பகுதியும் அப்படியே. பெண்ணைவிடப் பெரிய, பெண்ணைவிடப் பளபளப்பான பாட்டில். எறும்புகள் வந்து கடித்தாலும் வண்டு இறங்கவில்லையாம். இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. தோல்கன்றை நக்கிய நாக்குதான் ஞாபகம் வந்தது.

இடம் மாறாமலே பொய் சொல்லும் சித்திரங்களும் உண்டு. அவை வேறு சாதி.

போன வருஷம் இட்டேரியில் நடந்து வந்தேன். இரண்டு கிளுவை வேலிக்கு நடுவே வண்டி போகும் சந்துதான் இட்டேரி, பொழுது சாய்ந்துவிட்டால் உள்ளே சீக்கிரம் இருட்டும். காலுக்கு முன்னால் கறுப்பாக வளைந்து ஒன்று கிடந்தது. கத்தியபடி பின்னால் பாய்ந்து வேலியில் விழுந்தேன். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் முள் ஏறியது. விழுந்த பிறகுதான் அது என்னவென்று பார்த்தேன். யாரோ இழுத்துப் போட்ட சொட்டுநீர்க் குழாய். கயிற்றைப் பாம்பென்று கண்ட கதையை நம் ஊர் ஞானிகள் காலகாலமாய்ச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் கயிறு குழாயாகிவிட்டது, பாய்ச்சல் மாறவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். கோழையைக் கேலி செய்யும் பழமொழியாகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். கணக்குப் போட்டால் அரண்டவன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. குழாயைப் பாம்பென்று நினைத்தால் இரண்டு முள். பாம்பைக் குழாய் என்று நினைத்தால் உயிர். இந்த இரண்டு தப்பும் ஒரே விலை இல்லை. அதனால் பரிணாமம் சரிநடுவில் தராசு முள்ளை நிறுத்தவில்லை, மலிவான தப்பின் பக்கம் சாய்த்து வைத்தது. ராண்டால்ஃப் நெஸி என்ற மருத்துவர் இதைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிட்டார். தோசை கருகினாலும் அது அலறும், நாம் பொறுத்துக்கொள்கிறோம், வீடு எரியும் நாளில் அலறாத கருவி யாருக்கு வேண்டும். 1989இல் வெளிவந்த சோதனை ஒன்றில், பாம்பையே பார்க்காமல் ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளுக்கு, வேறு குரங்கு பயப்படும் காட்சியைக் காட்டினார்கள். பாம்பைப் பார்த்துப் பயப்படுவது போன்ற காட்சியைக் கண்டவை பயத்தைக் கற்றன. அதே பயத்தைப் பூவைப் பார்த்து வந்ததுபோல ஒட்டிக் காட்டியபோது கற்கவில்லை. எதற்குச் சாய வேண்டும் என்பதே பிறப்பில் கொஞ்சம் எழுதி வைத்தாயிற்று.

கிணறும் அப்படித்தான். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அப்பாருதான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றுமேட்டில் நிறுத்துவார். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் பாதாளத்தில் கிடக்கும். குதித்து, தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் "இவ்வளவுதானா?" என்றிருக்கும். ஒருநாள் நான் அடம்பிடித்ததால் கயிற்றை விட்டு அளந்தே காட்டினார், இருபது அடிக்குச் சற்றுக் குறைவு. மறுபடி மேட்டில் ஏறிப் பார்த்தேன், கண் கேட்கவில்லை, பாதாளம் பாதாளமாகவே இருந்தது. ஜாக்சன், கார்மாக் என்ற இருவர் 2007இல் இதையே அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே உயரம், கீழேயிருந்து பார்ப்பதைவிட மேலேயிருந்து பார்க்கும்போது கூடுதலாகத் தெரிகிறது. கீழே நிற்பவன் விழ மாட்டான், மேலே நிற்பவன் விழலாம். கண் உயரத்தை மட்டும் சொல்லவில்லை, விலையையும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்கிவிடுகிறார்கள். கண் பாம்பில்லாத இடத்தில் பாம்பைக் காட்டும், இருபது அடியைப் பாதாளமாகக் காட்டும் என்றால் எதைத்தான் நம்புவது? டார்வினுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. 1881 ஜூலை 3 அன்று வில்லியம் கிரஹாம் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், பிரபஞ்சம் வெறும் தற்செயலால் வந்ததில்லை என்று தன் உள்மனம் சொல்வதைப் பற்றி எழுதுகிறார். உடனே அவருக்கு ஓர் அச்சம் வருகிறது. கீழான விலங்குகளின் மனத்திலிருந்து வளர்ந்து வந்த மனித மனத்தின் நிச்சயங்களுக்கு மதிப்பு உண்டா, ஒரு குரங்கின் மனத்தில் நிச்சயம் ஏதாவது இருந்தால் அதை யாராவது நம்புவார்களா என்று கேட்கிறார். நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு, 1993இல் ஆல்வின் பிளான்டிங்கா என்ற தத்துவக்காரர் இதை ஒரு முழு வாதமாக்கினார். பரிணாமத்துக்கு நடத்தை சரியாக இருந்தால் போதும், நம்பிக்கை உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்றார். டொனால்ட் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் இன்னும் தூரம் போனார். கணினித் திரையில் கோப்பு ஒரு நீலச் சதுரமாகத் தெரிவதால் கோப்பு நீலமோ சதுரமோ ஆகிவிடாது, நாம் பார்க்கும் உலகமும் அப்படியொரு திரைதான் என்கிறார். கணினியில் நடத்திய பரிணாம விளையாட்டுகளில், உள்ளதை உள்ளபடி பார்க்கும் உயிர்கள் தோற்று, லாபத்தை மட்டும் பார்க்கும் உயிர்கள் ஜெயித்தன என்பது அவர் காட்டும் சான்று.

எனக்கு இது பாதி தூரம்தான் சரியாகப் படுகிறது. மீதிப் பாதிக்கு அப்பாருவின் கொறங்காடு குறுக்கே நிற்கிறது.

அந்தக் காட்டின் படம் அவர் தலைக்குள் இருந்தது. எந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்த வெள்வேல மரத்தில் காய் முதலில் உதிரும், வேலியில் எந்தச் சந்து வழியாக நரி நுழையும், அமாவாசை இருட்டில் கடவு எத்தனை எட்டில் வரும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரே படம், ஆனால் அதைக் கொண்டு நூறு வேலை. பசித்த ஆட்டுக்குப் புல் லாபம். மழை பெய்து நனைந்த புல் அதே ஆட்டுக்கு வயிறு உப்ப வைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி லாபப்பட்டியல் வைத்துக்கொண்டு எந்தத் தலை தாங்கும்? எது எங்கே இருக்கிறது என்று உள்ளபடி ஒரே படத்தை வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியதை எடுப்பதுதான் சிக்கனம். ஒரே ஒரு காரியத்துக்கு, ஒரே பாய்ச்சலுக்குப் பயன்படும் சித்திரம் பொய் சொல்லலாம். பல காரியத்துக்குப் பொதுவான சித்திரம் பொய் சொன்னால் எங்காவது மாட்டிக்கொள்ளும். ஹாஃப்மனின் விளையாட்டு உயிர்களுக்குச் செய்ய ஒரே வேலைதான் இருந்தது. அப்பாருக்கு ஆடு, மாடு, வேலி, நரி, மழை எல்லாம் இருந்தன.

துனிசியாவின் உப்புப் பாலையில் ஓடும் எறும்புகளைப் பற்றி 2006இல் வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரை தேடிக் கோணல்மாணலாக அலையும் அந்த எறும்பு, இரை கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்குத் திரும்பும். தூரம் எப்படித் தெரிகிறது? விட்லிங்கர், வேனர், வுல்ஃப் மூவரும் 10 மீட்டர் தூரத்துத் தீனிக்கு எறும்பை வரவைத்தார்கள். அங்கே அதன் கால்களில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் வைத்துத் திரும்ப விட்டார்கள். அது புற்றைத் தாண்டிப் போய் சுமார் 15 மீட்டரில் தேடியது. காலைக் குட்டையாக்கியவை 6 மீட்டருக்குள்ளேயே நின்று தேடின. எறும்பு அடியை எண்ணுகிறது. நாற்பது, ஐம்பது டிகிரி வெயிலில் வழி தவறினால் செத்துப்போகும், ஆகவே அங்கே எந்தப் பக்கமும் சாய இடமில்லை, உண்மையான தூரம்தான் வேண்டும். அதைவிட அழகு அடுத்து நடந்தது. அதே பொய்க்காலோடு புற்றிலிருந்து கிளம்பிப் போகவும் வரவும் விட்டபோது கணக்கு மறுபடி சரியாகிவிட்டது.

ஆடும் லேசுப்பட்டதில்லை. கேம்பிரிட்ஜ் பக்கம் கீத் கென்ட்ரிக் குழுவினர் 2001இல் காட்டியபடி, ஒரு செம்மறி ஐம்பது ஆடுகளின் முகத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்கும். மந்தையில் வாழும் விலங்குக்கு யார் யார் என்று தெரிந்தாக வேண்டும். இதை அப்பாருவிடம் சொன்னபோது, இதற்கு ஒரு ஆராய்ச்சி வேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

இனி ரோட்டுக்கு வருகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

எதிரே ஒன்று வருகிறது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? தூரத்தில் இருக்கும்போது நேராக வருவது நகர்வதே தெரியாது. கண்ணுக்குள் அதன் உருவம் பெருகுவதுதான் ஒரே தடயம். அது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறதோ அவ்வளவு சீக்கிரம் மோதும் என்று மூளை கணிக்கிறது. வெட்டுக்கிளிக்குக்கூட இதற்கென்றே நரம்பணு இருக்கிறது, முகத்தை நோக்கிப் பெருகி வரும் உருவத்துக்கு அது துடிக்கும். பழங்காலத்து ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே வேகத்தில் வரும் பொருளின் உருவம் பெருகும் வேகம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். 100 மீட்டரில் இருப்பது 50 மீட்டருக்கு வந்தால் பெருக்கம் நாலு மடங்காகும். அதாவது தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது, பக்கத்தில் வந்ததும் ஒரேயடியாக ஊதிப்பெருகும். அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரியின் அகலம் இரண்டரை மீட்டர். பைக்கும் ஓட்டுகிறவனும் சேர்ந்தால் முக்கால் மீட்டர். ஒரே தூரம், ஒரே வேகம் என்றாலும் லாரியின் உருவம் பைக்கைவிட மூன்று மடங்கு வேகமாகப் பெருகும். பாட்ரிசியா டிலூசியா 1991இல் காட்டியது இதன் தொடர்ச்சி: பெரிதாகத் தெரிவது தூரத்தில் இருந்தாலும் முதலில் வந்து சேரும் என்றும், சின்னது பக்கத்தில் இருந்தாலும் பிறகுதான் வரும் என்றும் நம் கண் சொல்லும்.

அப்பாரு லாரியைப் பார்த்துக் கை காட்டியது ஞாபகம் இருக்கிறதா. லாரி அவர் கண்ணில் வந்துகொண்டிருந்தது. பைக் அவர் கண்ணில் நின்றுகொண்டிருந்தது.

நம் கண் உருவான காலத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. யானை துரத்தினாலும் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். சிறுத்தை வேகமானது, ஆனால் அது பதுங்கிப் பக்கத்திலிருந்து பாயும், 150 மீட்டரில் அதன் வேகத்தை அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. மாட்டு வண்டி ஓடிய ரோட்டிலும் வரவில்லை. 150 மீட்டர் தூரத்தில், முக்கால் மீட்டர் அகலத்தில், மணிக்கு 80 கிலோமீட்டரில் நேராக வரும் ஒன்றைப் பரிணாமம் பார்த்ததே கிடையாது. ஜான் வான் குழுவினர் இங்கிலாந்தில் 2011இல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். வண்டி மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் அது வருகிறது என்பதையே குழந்தைகளின் கண் நம்பகமாகப் பிடிக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வயசாகிவிட்டதா, கண் தெரியவில்லையா?

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. சாலை போடுகிறவர்களிடம், பார்த்துப் போகக்கூடாதா என்று திட்டுகிறவர்களிடம், என் முன்னால் உட்கார்ந்து "6/6, கவலையில்லை" என்று கேட்டுச் சந்தோஷமாகப் போகிறவர்களிடம். பார்த்துப் போ என்கிறோம். பார்க்கிற உறுப்புக்கே அங்கே கணக்கு இல்லை. கிணற்றுமேட்டில் கண் சொல்லும் பொய் நம்மைக் காப்பாற்றும், பாம்புக்குச் சொல்லும் பொய்யும் அப்படியே. ரோட்டில் சொல்வது எந்தப் பக்கமும் சாய்த்து வைக்காத பொய், எருமையின் மூக்குக்கு நேர்ந்ததேதான் இங்கே கண்ணுக்கும் நேர்கிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாருவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். தோல்கன்றிலிருந்து ஆரம்பித்தேன். எருமையின் பெயரை அவர் எடுத்துக்கொடுத்தார். முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப நா பாத்தது பொய்யில்லையா அம்மிணி?" என்றார்.

"இல்லீங்கப்பாரு. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. கண்ணு அத்தனை வேகத்துக்குப் பழகலீங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பழக்கோணுமாட்ட இருக்குது" என்றார்.

எட்டு மாசம் கழித்து நடைவண்டியைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் அவர் முதலில் கேட்டது கொறங்காட்டை இல்லை, ரோட்டோரம் ஒரு நாற்காலியை. டீக்கடை நிழலில் தினம் ஒரு மணிநேரம் உட்கார்ந்தார். தாராபுரம் பக்கம் வெட்டாமல் விட்ட ஒரு புளியமரம் இருக்கிறது. வண்டி புளியமரத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிப்பார், தனக்கு நேராக வந்ததும் நிறுத்துவார். லாரிக்குத் தனி, பஸ்ஸுக்குத் தனி, பைக்குக்குத் தனி. பொழுதன்னைக்கும் எண்ணினார் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

போன மாசம் நான் போனபோது பட்டிக்குப் போக வேண்டும் என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். எனக்கு ரோடு காலியாகத் தெரிந்தது. தூரத்தில் ஒரு பைக் மட்டும், அசையாத புள்ளி மாதிரி. தாராளமாகப் போய்விடலாம்.

"போலாமுங்கப்பாரு" என்றேன்.

கையை விடவில்லை. "எங்கண்ணும் அதைத்தான் சொல்லுது. பன்னண்டு எண்ற வரைக்கும் வராதுங்குது. நீ எண்ணு."

புள்ளி புளியமரத்தைத் தாண்டியது. "ஒண்ணு" என்றேன். ரெண்டு, மூணு. புள்ளி புள்ளியாகவே இருந்தது. நாலு. அஞ்சு எண்ணும்போது அதற்கு ஒரு தலையும் சட்டையும் முளைத்தன. ஆறுக்கு வாயைத் திறந்தேன், காற்று முகத்தில் அடித்தது, பைக் போய்விட்டது.

அப்பாரு இரண்டு பக்கமும் பார்த்தார். மரத்தருகே எதுவும் இல்லை.

"இப்ப வா."